வகுப்பில் பாதி, வேலையில் பாதி

டிஜிட்டல் மார்க்கெட்டிங் படிப்புகள் இப்போது பட்டத்தோடு வேலை அனுபவத்தையும் தருவதாகச் சொல்கின்றன. அந்த அனுபவம் உண்மையானதா என்பது மாணவர் எந்தப் பெயரில் வேலைக்கு அனுப்பப்படுகிறார் என்பதில் இருக்கிறது.

ஜெய்ப்பூர் ரஜாய் கையில் எடுத்தால் கனமே தெரியாது. ஆனால் ராஜஸ்தான் குளிரைத் தாங்கும். நவம்பர் பிறந்தால் போதும், கிராக்கி ஏறிவிடும். அதை இணையத்தில் விற்கும் ஒரு சிறு வியாபாரியின் கணக்கை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். கூகுள் விளம்பரத்துக்குத் தினமும் ரூ. 1,000. க்ளிக் ஒன்றுக்கு ரூ. 5 வீதம் 200 பேர் அவரது தளத்துக்கு வருகிறார்கள். அவர்களில் நான்கு பேர் ஆர்டர் கொடுக்கிறார்கள். ஓர் ஆர்டரைப் பிடிக்க ஆன செலவு ரூ. 250. ஒரு ரஜாயில் நிற்கும் லாபம் ரூ. 400 என்றால், விளம்பரச் செலவு போக அன்றைக்கு ரூ. 600 மிச்சம். கம்ப்யூட்டர் திரையில் அம்புக்குறி பச்சை நிறத்தில் மேலே ஏறுகிறது.

நான்கு ஆர்டருமே பொருள் கைக்கு வந்த பிறகு பணம் தரும் வகை. அதில் இருவர், பார்சல் வாசலுக்கு வந்ததும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். தொழிலில் இதற்கு ஆர்.டி.ஓ. என்று பெயர் - போக்குவரத்து அலுவலகம் அல்ல, அனுப்பியவருக்கே திரும்பி வரும் சரக்கு. விற்ற இரண்டு ரஜாயின் லாபம் ரூ. 800, விளம்பரத்துக்குப் போனது ரூ. 1,000. திரும்பி வந்த இரண்டு பார்சலுக்குப் போக வர கூரியர் செலவு தலா ரூ. 150 என்று வைத்தாலும், ரூ. 600 லாபம் என்று திரை சொன்ன நாள் ரூ. 500 நஷ்டத்தில் முடிகிறது. இன்னும் தோண்டினால், வந்த 200 பேரில் கணிசமானவர்கள் 'ரஜாயைத் துவைப்பது எப்படி' என்று தேடி வந்தவர்கள் என்பதும் தெரியவரும். அவர்களின் க்ளிக்குக்கும் அதே ஐந்து ரூபாய்தான். 'துவைப்பது', 'இலவசம்', 'வேலைவாய்ப்பு' போன்ற சொற்களை நெகட்டிவ் கீவேர்ட் என்று குறித்து வைத்திருந்தால் அந்தப் பணம் தப்பியிருக்கும்.

இதையெல்லாம் பாடப்புத்தகமும் சொல்கிறது. 'கன்வர்ஷன்' என்ற தலைப்பில் அரைப் பக்கம் இருக்கும். ஆனால் திரும்பி வந்த பார்சலை வெறித்துப் பார்க்கும் முதலாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு இது ஒரே வாரத்தில் புரிந்துவிடுகிறது. பட்டப்படிப்போடு வேலை அனுபவத்தைச் சேர்க்க வேண்டும் என்று வாதிடுபவர்களின் கட்சி அவ்வளவுதான். டிஜிட்டல் மார்க்கெட்டிங்கைப் பொறுத்தவரை அதை மறுப்பது கடினம்.

காரணம், இந்தப் பாடம் சீக்கிரம் ஊசிப்போகிறது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது, குறும்பட விளம்பரம் பற்றித் தயாரித்த பாடக்குறிப்புகள் ஒரே இரவில் காகிதமாயின. உலகமெங்கும் வகுப்பறைகளில் சொல்லித்தரப்பட்ட கூகுளின் பழைய அனலிடிக்ஸ், 2023 ஜூலை 1 முதல் புதிய தகவல்களைச் சேகரிப்பதை நிறுத்தியது. அதன் இடத்தில் வந்ததோ கணக்கிடும் முறையே வேறான ஒன்று. குக்கீ விவகாரம் இன்னும் வேடிக்கை. குரோம் பிரவுசரில் பிற நிறுவனங்களின் குக்கீகளை இரண்டாண்டுகளில் ஒழித்துவிடப்போவதாக 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. 'குக்கீ இல்லாத எதிர்காலம்' என்று கருத்தரங்குகள் நடந்தன, பாடங்கள் எழுதப்பட்டன. 2024 ஜூலையில் கூகுள் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்திட்டம் மாற வேண்டுமானால் பாடக்குழு கூட வேண்டும், கல்விக்குழு ஒப்புதல் தர வேண்டும், அடுத்த கல்வியாண்டு பிறக்க வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகம் 2022-ல் கொண்டுவந்த புதிய பாட அமைப்பில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் திறன் மேம்பாட்டுத் தாள்களில் ஒன்றாக இடம்பெற்றது. மதிப்பு இரண்டே கிரெடிட். இந்தத் தொழிலில் ஒரு வாசனையைக் காட்ட அது போதும். வேலைக்குத் தயார் செய்ய வேண்டுமென்றால் மாணவரைத் தொழில் நடக்கும் இடத்துக்கே அனுப்பியாக வேண்டும்.

யோசனை புதிதல்ல. 1937-ல் வார்தாவில் காந்தி கைத்தொழில் வழியே கல்வி என்றார். 1964-66 கோத்தாரி கமிஷன் 'வேலை அனுபவம்' கல்வியின் பிரிக்க முடியாத பகுதியாக வேண்டும் என்றது. இரண்டையும் பாராட்டிவிட்டு நாடு தேர்வு எழுதப் போய்விட்டது. அமெரிக்காவில் 1906-லேயே சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 27 பொறியியல் மாணவர்களை வைத்து இதைத் தொடங்கிவிட்டார். ஒரு வாரம் தொழிற்சாலை, ஒரு வாரம் வகுப்பு. அங்கே இதன் பெயர் கோ-ஆப். நம் ஊரில் அந்தப் பெயரைக் கேட்டால் கூட்டுறவுப் பண்டகசாலையும் மண்ணெண்ணெய் வரிசையும்தான் நினைவுக்கு வரும். 1957-ல் தொடங்கிய கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் இதையே தன் அடையாளமாக்கிக்கொண்டது.

இந்தியாவில் அதற்கு இணையாகச் சொல்லத்தக்கது பிலானி பிட்ஸ் கல்வி நிறுவனத்தின் பிராக்டிஸ் ஸ்கூல். சி.ஆர். மித்ரா இயக்குநராக இருந்தபோது 1973-ல் தொடங்கியது. இரண்டாம் ஆண்டு முடிந்ததும் கோடையில் இரண்டு மாதம், கடைசி ஆண்டில் ஐந்தரை மாதம் மாணவர் தொழில் நிறுவனத்தில் இருக்க வேண்டும். அதில் கவனிக்க வேண்டியது மாதக் கணக்கு அல்ல. மாணவரோடு ஆசிரியரும் தொழிற்கூடத்துக்குப் போனார் என்பதுதான் அதன் உயிர். மாணவர் அங்கே செய்வதைப் பார்க்க, கேள்வி கேட்க, மதிப்பெண் போட, கல்லூரி தன் ஆளையே அனுப்பியது. பின்னால் இதைக் காப்பியடித்தவர்கள் பலர். அவர்கள் விட்டுவிட்டதும் இந்த ஒன்றைத்தான்.

சாதாரணக் கலைக் கல்லூரிகளுக்கு இந்தக் கதவு திறந்தது 2014-ல். அந்த ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) பி.வோக். படிப்பை அறிமுகப்படுத்தியது. பாடத்தில் 60 சதவீதம் தொழில் திறன், 40 சதவீதம் பொதுக்கல்வி. முதலாண்டோடு நின்றால் டிப்ளமா, இரண்டாண்டில் மேல்நிலை டிப்ளமா, மூன்றாண்டில் பட்டம். அதே 2014-ல் பாராளுமன்றம் 1961-ம் வருட அப்ரண்டிஸ் சட்டத்தைத் திருத்தி, பொறியியல் அல்லாத பட்டதாரிகளையும் அதற்குள் கொண்டுவந்தது. பி.காம்., பி.பி.ஏ. படித்தவரும் சட்டப்படி அப்ரண்டிஸ் ஆகலாம் என்றானது. 2020-ல் யு.ஜி.சி. ஒரு படி மேலே போய், அப்ரண்டிஸ் பயிற்சியைப் பட்டப்படிப்புக்குள்ளேயே பின்னும் முறைக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2025-ல் அவை திருத்தப்பட்டன. மூன்றாண்டுப் படிப்பில் ஒன்று முதல் மூன்று பருவங்கள் வரை, நான்காண்டுப் படிப்பில் இரண்டு முதல் நான்கு பருவங்கள் வரை பயிற்சிக்கு ஒதுக்கலாம்.

இங்கேதான் பெயர் விவகாரம் குறுக்கிடுகிறது. ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இரு மாணவர்கள் உட்கார்ந்திருக்கலாம். ஒருவர் அப்ரண்டிஸ், இன்னொருவர் இன்டர்ன். இருவரும் ஒரே வேலையைச் செய்யலாம். ஆனால் அப்ரண்டிஸுக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் உண்டு. அது அரசிடம் பதிவாக வேண்டும். உதவித்தொகைக்குக் கீழ்வரம்பு உண்டு. வேலையில் காயம்பட்டால் இழப்பீடு உண்டு. அப்ரண்டிஸ் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. இன்டர்னுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. மாணவர் இன்டர்ன்ஷிப்புக்கென்று தனிச் சட்டமே கிடையாது. நிறுவனம் கொடுத்தால் பணம், கொடுக்காவிட்டால் 'அனுபவம்'. பெரும்பாலான மாணவர்களும் பெற்றோரும் இரண்டையும் ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்பு என்றே நினைக்கிறார்கள். கல்லூரி விளம்பரங்கள் அந்த மயக்கத்தைக் கலைக்க அவசரப்படுவதில்லை.

அப்ரண்டிஸ் பெயரும் முழுப் பாதுகாப்பு அல்ல. சட்டத்தின் 18-வது பிரிவு, அவர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்ல என்கிறது. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. யாரைச் சேர்ப்பது என்பதை நிறுவனமே தன் கொள்கைப்படி முடிவு செய்யலாம்.

பணக் கணக்கையும் பார்க்கலாம். 2019-ல் திருத்தப்பட்ட விதிகள் பட்டதாரி அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக நிர்ணயித்தது மாதம் ரூ. 9,000. கல்வி அமைச்சகத்தின் தேசிய அப்ரண்டிஸ் திட்டத்தில் அதில் பாதியை அரசு தருகிறது. ஆக, ரூ. 4,500 செலவில் கணினி தெரிந்த ஓர் இளைஞர் நிறுவனத்துக்குக் கிடைக்கிறார். இது மலிவான உழைப்பு என்று குற்றம்சாட்டுபவர்களும் உண்டு. இந்தச் சலுகை இல்லாவிட்டால் சிறிய ஏஜென்சி எதுவும் அனுபவமில்லாதவரை உள்ளேயே விடாது என்பவர்களும் உண்டு. இரு தரப்பும் சொல்வது சரிதான். ஆனால் விளம்பர ஏஜென்சிகள் குவிந்திருப்பது குருகிராமிலும் மும்பையிலும் பெங்களூரிலும். இந்தூரிலிருந்தோ பரேலியிலிருந்தோ அங்கே போகும் மாணவர் ரூ. 9,000-ல் அறை வாடகையும் சாப்பாடும் பார்க்க முடியாது. வீட்டிலிருந்து பணம் வர வேண்டும். கல்லூரிக் கட்டணமும் அதே வீட்டிலிருந்துதான் போகிறது. பெண்ணைப் படிக்க அனுப்பிய குடும்பம், தெரியாத நகரத்தில் ஆறு மாதம் தனியாக விடத் தயங்கி உள்ளூரிலேயே ஏதோ ஒரு கடையில் கையெழுத்து வாங்கிக்கொள்வதும் நடக்கிறது. 2025 மே மாதத்தில் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில், ரூ. 5,000 முதல் ரூ. 9,000 வரை இருந்த உதவித்தொகையை ரூ. 6,800 முதல் ரூ. 12,300 வரை உயர்த்தலாம் என்று பரிந்துரைத்தது. சிக்கல் அரசுக்குத் தெரியாமல் இல்லை.

கட்டாயமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஆந்திரப் பிரதேசம் ஒரு பாடம். 2020-ல் அங்கே மூன்றாண்டுப் பட்டப்படிப்புகள் அனைத்திலும் 10 மாத இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கினார்கள். கோடை விடுமுறைகளில் இரண்டிரண்டு மாதம், பிறகு ஒரு முழுப் பருவம். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாநிலத்தின் கலை, அறிவியல், வணிகவியல் மாணவர்கள் அத்தனை பேரும் ஒரே பருவத்தில் நாற்காலி தேடிப் புறப்பட்டால் நாற்காலி எங்கே? மாவட்டத் தலைநகரம் ஒன்றில் இன்டர்ன் எடுக்கக்கூடிய நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த இடைவெளியை ஆன்லைன் இன்டர்ன்ஷிப் நிரப்புகிறது. மாணவர் வீட்டிலேயே இருந்து வீடியோ பார்க்கிறார், வினாடி வினாவுக்கு டிக் அடிக்கிறார், சான்றிதழை டவுன்லோட் செய்கிறார். டிஜிட்டல் மார்க்கெட்டிங் இதற்குத் தோதான பாடமாகிவிட்டது, எல்லாமே திரையில் நடப்பதால். வெல்டிங் பயிற்சியை இப்படி ஏமாற்ற முடியாது.

உண்மையாகவே அலுவலகம் போகும் மாணவருக்கும் வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தமல்ல. இதை அளக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. கூகுள் விளம்பரக் கணக்கில் ஒவ்வொருவருக்கும் ஒரு அனுமதி நிலை உண்டு. சிலருக்குப் பார்க்க மட்டும். சிலருக்கு விளம்பரத்தை மாற்றவும் ஏலத் தொகையைக் கூட்டிக் குறைக்கவும். சிலருக்கு எல்லாம். பயிற்சி முழுவதும் 'பார்க்க மட்டும்' நிலையிலேயே இருந்து, எண்களை எக்செல் தாளுக்கு மாற்றிக்கொண்டிருந்த மாணவர் கற்றது தட்டச்சு. நாளைக்கு ரூ. 500 என்றாலும் சொந்த முடிவில் செலவழிக்க அனுமதிக்கப்பட்டு, அது ஏன் வீணானது என்று திங்கட்கிழமை மேலாளர் முன்னால் விளக்கிய மாணவர் தொழில் கற்றிருக்கிறார். தன் பணத்தை ஒரு இருபது வயது இளைஞர் கையில் கொடுக்க எந்த வாடிக்கையாளரும் தயங்குவார் என்பதும் நிஜம். அதனால்தான் அந்தப் பையன் பக்கத்தில் ஒரு மூத்தவர் இருக்க வேண்டும். அவர் ரூ. 4,500-க்குக் கிடைக்கமாட்டார்.

கல்லூரியின் பங்கு என்ன? மாணவர் எழுதிவரும் நாட்குறிப்பில் கையெழுத்துப் போட்டு, பருவ முடிவில் பத்து நிமிடம் வாய்மொழித் தேர்வு நடத்தினால் கிரெடிட் சேர்ந்துவிடுகிறது. நாட்குறிப்பில் 'இன்று எஸ்.இ.ஓ. செய்தேன்' என்று முப்பது நாள் எழுதியிருந்தாலும் கேட்க ஆளில்லை. கேட்க வேண்டிய ஆசிரியர் ஒருமுறைகூட விளம்பரக் கணக்கைத் திறந்து பார்த்திராதவராக இருந்தால் எதைக் கேட்பார்? வணிகவியலில் இருபது வருடம் கற்பித்தவரிடம் ஒரு கோடை விடுமுறையில் இந்தத் தாளை ஒப்படைத்துவிட்டு, அவரைப் பயிற்சிக்கு அனுப்பாமல் விடும் கல்லூரிகளில் குற்றம் அவருடையது அல்ல. மாணவரை மட்டுமல்லாமல் ஆசிரியரையும் ஒரு கோடையாவது ஏஜென்சியில் உட்கார வைப்பது செலவு பிடிக்கும் காரியம்தான். பிலானியில் பலித்தது அதனால்தான்.

இதற்கிடையில் நாற்காலியே நழுவிக்கொண்டிருக்கிறது. புதிதாகச் சேர்ந்த இன்டர்னுக்கு இத்தனை நாள் கொடுத்துவந்த வேலைகள்: ஒரே விளம்பரத்துக்குப் பத்து விதமாகத் தலைப்பு எழுதுவது, பொருள் விவரம் எழுதுவது, வாராந்தர அறிக்கை தயாரிப்பது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் இவை நிமிட வேலையாகிவிட்டன. எந்த விளம்பரத்தை எங்கே, யாருக்கு, என்ன விலையில் காட்டுவது என்பதையும் கூகுளின் பெர்ஃபாமன்ஸ் மேக்ஸ் போன்ற முறைகள் தாமே முடிவு செய்யத் தொடங்கிவிட்டன. ஏணியின் அடிப்படிகளை எடுத்துவிட்டு மேலே ஏறச் சொல்வது போல இருக்கிறது நிலைமை. இயந்திரத்துக்குத் தெரியாதது, அந்த நான்கு ஆர்டரில் இரண்டு திரும்பி வந்த கதை. யாராவது அதைச் சொல்லும்வரை அது நான்கையும் வெற்றி என்றே எண்ணி, திருப்பி அனுப்பியவர்களைப் போன்ற ஆட்களையே இன்னும் தேடித் தேடி விளம்பரம் காட்டும். கிடங்குக்கும் திரைக்கும் நடுவே நின்று இரண்டையும் ஒப்பிடத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும். அதற்குத் திரையில் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் கிடங்கிலும் கழிக்க வேண்டும்.

சேர்க்கைக் காலத்தில் பெற்றோர் கேட்க வேண்டியது கட்டடத்தைப் பற்றி அல்ல. போன வருடம் பயிற்சிக்குப் போன மாணவர்களின் அப்ரண்டிஸ் ஒப்பந்தம் அரசு போர்ட்டலில் பதிவானதா, உதவித்தொகை அவர்கள் வங்கிக் கணக்கில் வந்ததா, ஆசிரியர் எத்தனை முறை போய்ப் பார்த்தார் என்பதைக் கேட்கலாம். அவர்களில் இரண்டு பேரைப் பார்த்துப் பேசுவது இன்னும் நல்லது. பட்டம் என்று சொன்னால் அதைத் தரும் பல்கலைக்கழகம் எது என்றும் கேட்டுவிட வேண்டும். 1956-ம் வருட யு.ஜி.சி. சட்டத்தின் 22-வது பிரிவுப்படி, சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகங்களும் பாராளுமன்றம் அதிகாரம் கொடுத்த நிறுவனங்களும் தவிர வேறு யாரும் பட்டம் வழங்க முடியாது. மாடிப்படிக்கு மேலே இரண்டு அறையில் நடக்கும் அகாடமிகள் தருவது சான்றிதழ் மட்டுமே. அதில் சில நன்றாகவே கற்பிக்கின்றன. ஆனால் கூகுள் தன் ஸ்கில்ஷாப்பில் இலவசமாகத் தரும் சான்றிதழுக்காகவும் கட்டணம் வசூலிக்கும் இடங்கள் உண்டு.

அந்த அகாடமிகளின் விளம்பரங்களும் டிஜிட்டல் மார்க்கெட்டிங்தான். ஃபேஸ்புக்கில் '100 சதவீத வேலை உறுதி' என்று வரும் படிவத்தில் பையனின் பெயரையும் அப்பாவின் போன் நம்பரையும் நிரப்பினால், மறுநாள் காலையிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கும். மரியாதையாகப் பேசும் ஓர் இளங்குரல் சலுகைக் கட்டணம் இன்றோடு முடிகிறது என்று சொல்லும். பேசுவது பெரும்பாலும் போன வருடம் அதே படிவத்தை நிரப்பிச் சேர்ந்த மாணவர். சில இடங்களில் இன்டர்ன்ஷிப் என்று தரப்படும் முதல் வேலை அதுதான்.